நிரம்பாத வகுப்பறை

2017ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முதலாண்டில் சேர்ந்தவர் ஒரே ஒருவர். இருந்த இடங்கள் 100. அந்த ஒருவர் சேர்ந்தது, உயிர்நீத்த படைவீரர்களின் பிள்ளைகளுக்காக மத்திய அரசு நிரப்பும் இடத்தில். அதை மட்டும் கொடுத்துவிட்டு மீதி 99 இடங்களையும் கல்லூரி காலியாகவே விட்டது.

நீட் மதிப்பெண்ணை வைத்து அரசுக் கலந்தாய்வு அனுப்புகிறவர்களையே சேர்க்க வேண்டும் என்று விதி வந்தபோது எடுத்த முடிவு அது. அதற்கு முன்பெல்லாம் எழுத்துத் தேர்வில் தேறியவர்களைக் கல்லூரியின் பாகாயம் வளாகத்துக்கு வரவழைத்து, சில நாள் கூடவே வைத்துப் பார்ப்பார்கள். மார்க் ஏற்கெனவே தெரிந்ததுதான். பிள்ளையின் சுபாவம் என்ன, கூட இருப்பவர்களோடு எப்படிப் பழகுகிறது என்பதை அறியத்தான் அந்த நாட்கள். திருச்சபைகள் அனுப்பிய பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டு மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்துவிட்டு வர வேண்டும். அந்த ஆஸ்பத்திரிகளில் பல, வேறு டாக்டர்கள் எளிதில் போகாத ஊர்களில் இருப்பவை.

விதியின் நியாயத்தைப் பற்றி இரு தரப்பிலும் சொல்ல நிறைய உண்டு. என் மனம் அந்த 99 இடங்களிலேயே நின்றுவிடுகிறது. ஒரு மெடிக்கல் சீட்டுக்காக நம் வீடுகளில் என்னவெல்லாம் நடக்கிறது! நகை அடகுக்குப் போகிறது, நேர்த்திக்கடன் ஏறிக்கொண்டே போகிறது. அப்படிப்பட்ட இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்றிருப்பது, வீட்டில் சோறு இருந்தும் இலை போடாமல் விரதம் இருப்பதைப் போன்றது. ஆனால் விரதம் இருப்பவர் தன் வயிற்றைத்தான் காயப்போடுகிறார். இங்கே டாக்டராகியிருக்க வேண்டிய 99 பிள்ளைகளின் இடமும் சேர்ந்து காய்ந்தது. அது என்னை இன்றும் உறுத்துகிறது.

வெறுமையை வேலூர் அறியும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கருவறை நூற்றாண்டுக் கணக்கில் மூர்த்தி இல்லாமல் இருந்தது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து மீண்டும் பிரதிஷ்டை செய்தது 1981 மார்ச்சில்தான். நம் தாத்தா பாட்டி காலத்தில் அந்த வெற்றுக் கருவறையும் ஊருக்குக் கோயில்தான். இருக்க வேண்டியவர் வருவார் என்று காலியாக வைத்திருப்பதிலும் ஒரு வழிபாடு உண்டு.

இந்தக் கல்லூரி பிறந்ததே ஓர் இல்லாமையிலிருந்துதான். அதை நிறுவிய ஐடா ஸ்கடர் இளம் வயதில் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் முஸ்லிம், மற்ற இருவரும் இந்துக்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவ வேதனை. ஐடாவின் தந்தை டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவருமே திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பினார். 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். முதல் அணியில் 14 பேர் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். ஆண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது 1947இல்.

அந்தப் பள்ளிக்கு நூறு வயது நிறைந்தது 2018இல், ஒரே ஒருவர் சேர்ந்ததற்கு அடுத்த ஆண்டு. அந்த ஆண்டு மீண்டும் பிள்ளைகள் சேர்ந்தார்கள், விதியை எதிர்த்துக் கல்லூரி தொடுத்திருந்த வழக்கு மட்டும் தொடர்ந்தது. 2020 ஏப்ரல் 29 அன்று, ஊரடங்கில் வேலூர் லாங் பஜாரின் சந்தடியெல்லாம் அடங்கியிருந்த நாட்களில், தீர்ப்பு வந்தது: நீட் எல்லோருக்கும் பொது, சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளுக்கும் சேர்த்துத்தான். கல்லூரி தோற்றது. தோற்றபின் கதவை மூடவில்லை. பிள்ளைகளைச் சேர்த்தது, பாடம் நடத்தியது. 2022இல் ராணிப்பேட்டையில் பெரிய மருத்துவ வளாகத்தையும் திறந்தது.

99 இடங்களை விட்டுக்கொடுத்ததைவிட இந்த இரண்டாவது விட்டுக்கொடுத்தல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தன் கொள்கைக்காக ஒன்றை வேண்டாம் என்று சொல்லும்போது, ‘நான் சொன்னேன்’ என்ற பலமாவது நெஞ்சில் மிஞ்சும். தன் வழியே இனி இல்லை என்றான பிறகும் அதே வேலையை அதே அன்போடு செய்ய, அந்த ‘நான்’ முதலில் கரைய வேண்டும். எல்லா மதத்துப் பெரியவர்களும் ஆண்டவனிடம் கேட்டு நின்றது இந்தக் கரைதலைத்தான்.

லாங் பஜாரில் காலையில் மண்டிகளுக்கு மூட்டை இறங்கும் நேரத்தில், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் கால் கிலோ உருளைக்கிழங்கு, அரைக் கிலோ அரிசி என்று வாங்கிக்கொண்டிருப்பார்கள். லாட்ஜ் அறையில் தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, இந்தக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் வைத்தியத்துக்குக் காத்திருப்பவர்கள். ஒரு கையில் காய்ப்பை, இன்னொரு கையில் எக்ஸ்ரே உறை. அதைக் கீழே வைக்க மனம் வராமல் அக்குளில் இடுக்கிக்கொண்டே சில்லறை எண்ணுகிறார் ஓர் அம்மா. கடைக்காரர் இந்தியில் விலை சொல்கிறார், இந்த ஊர் வியாபாரிகள் கற்றுக்கொண்ட இந்தி.

இவர்களைப் பார்க்கப்போகும் டாக்டரை இப்போது வாசலிலேயே பொறுக்கியெடுக்க முடியாது. உள்ளே வந்தபின்தான் எல்லாம். முதலாண்டுப் பிள்ளைகளைக் கிராமத்தில் தங்கவைக்கும் பழைய வழக்கம் பாகாயத்தில் உண்டு. வீடு வீடாகப் போய், எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். எந்தக் கலந்தாய்வில் இடம் கிடைத்தது என்று அந்தத் திண்ணைகளில் யாரும் கேட்கப்போவதில்லை.