ஷோகேஸிலிருந்து அடுப்பங்கரைக்கு

நம் வீடுகளில் நல்ல கண்ணாடிச் சாமான் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், பூட்டிய ஷோகேஸுக்குள் இருக்கும். கல்யாணத்துக்கு வந்த லெமன் செட், பூப்போட்ட பச்சை ஜக்கு, யாரோ துபாயிலிருந்து கொண்டுவந்த ஊதாக் கிண்ணம். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று வைத்தவை. ஆனால் வருகிறவர்களுக்குக் காபி என்னவோ எவர்சில்வர் டம்ளரில்தான் வரும். அந்தக் காபியைப் போடுகிறவள் நிற்பது பகலிலும் டியூப்லைட் எரிய வேண்டிய அறையில்.

கண்ணமங்கலத்தில் என் பெரியம்மா வீட்டு அடுப்பங்கரையும் அப்படித்தான். வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலையடிவாரத்து ஊர் அது. மலை மேற்கே நிற்பதால் சாயங்கால வெயில் சீக்கிரமே மறைந்துவிடும். சமையலறையைத் தென்கிழக்கில், அக்னி மூலையில் வைக்கிற வழக்கத்தில் ஒரு நல்ல கணக்கு உண்டு: காலைச் சமையலுக்குக் கிழக்கு வெயில் கிடைக்கும். ஆனால் பக்கத்து வீட்டுச் சுவர் நம் சுவரோடு ஒட்டி நிற்கிற தெருவில் சாஸ்திரம் மட்டும்தான் மிச்சம். வெயில் முன்வாசல் வழியாக வர வேண்டும், புழக்கடை வழியாக வர வேண்டும், இல்லையென்றால் கூரை வழியாக வர வேண்டும்.

முன்பு கூரை வழியாக வந்தது. அது ஓட்டு வீடாக இருந்த காலம். விறகடுப்பு, கரி பிடித்த சுவர், கண்ணெரிச்சல் எல்லாம் உண்டு. இருந்தும் அங்கே பகலில் விளக்கு போட்ட ஞாபகம் எனக்கில்லை. ஓட்டு வரிசைக்கு நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதன் வழியே சாய்வாக இறங்கும் வெயிலில் புகை சுழல்வது தெரியும். கீழே விழுந்த வெளிச்சம் நேரம் போகப் போகத் தரையில் நகரும். “வெயிலு அம்மியத் தாண்டிச்சி, இன்னும் ஒல வெக்கல” என்று பெரியம்மா பரபரப்பாள். கடிகாரம் கூடத்தில் இருந்தது. அவள் அதைப் பார்க்கப் போனதில்லை.

பிறகு தளம் போட்டார்கள். காஸும் வந்தது. 2007-இல் மாநில அரசு இலவச காஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியதும், 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்ததும் எத்தனையோ வீடுகளில் ஊதுகுழலுக்கு வேலையில்லாமல் செய்தன. பெண்களின் நுரையீரலுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெரியம்மா வீட்டில் கான்கிரீட் தளம் அந்தக் கண்ணாடி ஓட்டையும் சேர்த்து விழுங்கிவிட்டது. வசதி வந்த பிறகுதான் அவளுடைய அடுப்பங்கரை இருண்டது. மேஸ்திரியோடு நின்று, இங்கே கட்டில், இங்கே டிவி என்று கையைக் காட்டியவர்களில் ஒருவர்கூட அங்கே தினமும் நின்று சமைக்கப் போகிறவர் இல்லையே.

சரி, இருண்ட அறைக்கு ஷோகேஸில் இருக்கிற நிறங்களைக் கொண்டுவந்தால் என்ன? ஒரு லீவில் நான்தான் ஆரம்பித்தேன். நீல டம்ளர்களையும் அந்த ஊதாக் கிண்ணத்தையும் அடுப்புக்கு மேலே பலகையில் வரிசையாக வைத்தேன். பெரியம்மா பார்த்துவிட்டு, “இன்னாத்துக்கு இது? ஒடஞ்சா கொழந்த காலக் கிழிக்கும்” என்றாள்.

அவள் சொன்னதில் வெறும் பயம் மட்டும் இல்லை. நம் அடுப்பங்கரையில் பாத்திரம் என்பது சேமிப்பு. பித்தளை அண்டா நசுங்கினாலும் எடைக்கு விலை போகும். பழைய எவர்சில்வரைப் போட்டுப் புதுசு வாங்கலாம். புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிய தூக்கு, கொடுத்தவர் போன பிறகும் இன்னார் கொடுத்தது என்று சொல்லும். கண்ணாடிக்கு இந்த மதிப்பு எதுவும் கிடையாது. உடைந்தால் குப்பை, உடையாவிட்டாலும் பாத்திரக் கடைக்காரர் வாங்க மாட்டார். திரும்ப எதுவும் தராத பொருளை நம்பி ஒரு பெண் காசு போட மாட்டாள். அப்படியே போட்டாலும் அது ஊருக்குக் காட்டுவதற்காக இருக்கும், அதனால் கூடத்துக்குப் போகும். தன் கண்ணுக்காக மட்டும் ஒரு நிறத்தை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்கு நம் குடும்பக் கணக்கில் தலைப்பே இல்லை.

இத்தனைக்கும் வண்ணக் கண்ணாடி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில், 1945-இல் மார்டிமர் வீலர் அகழ்ந்த அதே மேட்டில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி மணி செய்திருக்கிறார்கள். அந்த வகை மணிகள் கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா வரை கிடைக்கின்றன. ஆனால் நம்மிடம் கண்ணாடியின் நிறம் பாத்திரத்தைவிட உடம்பில்தான் அதிகம் ஏறியது. எந்த இருட்டு அடுப்பங்கரையிலும் ஒரு வண்ணக் கண்ணாடி இருந்தே தீரும்: சமைக்கிறவள் கை வளையல். பிரோசாபாத் உலையில் உருகி, ஆரணிக் கடைத்தெருவில் டஜன் கணக்கில் வாங்கியது. புருஷன் செத்தால் அதையும் உடைத்தார்கள். அந்த ஒரு நிறமும் அவளுக்குச் சொந்தமாக இருக்கவில்லை.

பலகையில் வைத்த நீல டம்ளர்கள் அழகாக இருந்தனவா என்றால், இல்லை. கரி படிந்த பலகையில் கறுப்பாக நின்றன. வண்ணக் கண்ணாடி வெளிச்சம் தருவதில்லை, எடுத்துக்கொள்கிறது. கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடி, வருகிற ஒளியில் சிவப்பையும் மஞ்சளையும் விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் விடுகிறது. பின்னாலிருந்து வெளிச்சம் வராத இடத்தில் விடுவதற்கு ஒன்றும் இருக்காது. அலங்காரப் பத்திரிகைகளில் வரும் படங்களில் அந்த வண்ணக் குப்பிகள் எப்போதும் ஜன்னல் விளிம்பில்தான் நிற்கின்றன. நாம் குப்பியைப் பார்க்கிறோம், ஜன்னலைப் பார்ப்பதில்லை. ஜன்னல் இல்லாத அறைக்கு வண்ணக் கிண்ணம் வாங்கிக் கொடுப்பது, வேலையைக் குறைக்காமல் மகளிர் தினத்துக்குப் புடவை எடுத்துத் தருவதுபோலத்தான்.

பிரேசில் நாட்டு மெக்கானிக் அல்ஃப்ரெடோ மோசர் 2002 வாக்கில் இதை நேர்மாறாகச் செய்தார். மின்வெட்டுக் காலத்தில், தண்ணீர் நிரப்பிய சாதாரண பிளாஸ்டிக் பாட்டிலைக் கூரையில் துளையிட்டுச் செருகினார். பாசி பிடிக்காமலிருக்க இரண்டு மூடி பிளீச்சிங் திரவம், அவ்வளவுதான். மேலே விழும் வெயிலைத் தண்ணீர் சிதறடித்து அறை முழுக்கப் பரப்பியது. நாற்பது, அறுபது வாட் பல்பு அளவுக்கு வெளிச்சம் என்கிறார்கள். நிறமே இல்லாத பாட்டில். கூரையைத் துளைக்க ஒருவர் துணிந்ததுதான் அதில் விசேஷம்.

பெரியம்மா வீட்டிலும் கடைசியில் அதுதான் நடந்தது. தளத்தில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே சதுரமாக வெட்டி, தடித்த கண்ணாடி பதித்தார் கொத்தனார். அதற்கப்புறம் எந்தக் கண்ணாடி எங்கே போகும் என்று முடிவு செய்தது பெரியம்மா. என் நீல டம்ளர்கள் கூடத்துக்கே திரும்பின. பரணிலிருந்து பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள் இறங்கி வந்தன. எவர்சில்வர் சம்படங்களுக்குள் அடைபட்டிருந்த துவரம்பருப்பும் பச்சைப்பயறும் காராமணியும் வெளியே தெரிந்தன. அவ்வளவு நிறமும் அத்தனை வருஷமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது, மூடிக்குள். மலைமேலிருந்து வந்த தேன் பாட்டிலை வெயில் விழாத ஓரத்தில் வைத்தாள். மிளகாய்த்தூளை மட்டும் கண்ணாடிக்கு மாற்றவில்லை. “வெளிச்சத்துல வெளுத்துடும்” என்றாள். உண்மைதான், அழகு பார்த்து வைத்தால் நிறம் போய்விடும். ஊதாக் கிண்ணத்தை, என்ன நினைத்தாளோ, கல்லுப்புக்கு எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் அந்தக் கண்ணாடியின் ஓரம் கசிகிறது. அடைத்துவிட வேண்டும் என்று பெரியப்பாவும் சொல்கிறார், பெரியம்மாவும் சொல்கிறாள். அவர் சொல்வது துளையை, அவள் சொல்வது ஓரத்தை. போன தடவை நான் போனபோது இரண்டு பேரும் அதில்தான் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.