தேய்ந்த பற்சக்கரமும் கள்ளாமை நோன்பும்

குறைந்த விலைக்குப் பொருள் வாங்குவது சிக்கனம், சிக்கனம் நற்பண்பு, ஆகவே மலிவாக வாங்குவது எப்போதும் நல்லதே என்று பலரும் எண்ணுகின்றனர். இல்லறத்தார்க்கு அணுவிரதங்களை வகுத்தளித்த நம் அறம் இவ்வெண்ணத்தை அவ்வாறே ஏற்கிறதா என்பதை ஆராய்வோம். அறநூற் கருத்துகள் அன்றாடப் பொருளில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெளிவாகும். ஆதலின் மிதிவண்டியின் பற்சக்கரம் ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

நாள்தோறும் மிதிவண்டியில் வேலைக்குச் செல்லும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அழுத்தி மிதிக்கும்போதெல்லாம் சங்கிலி துள்ளி வழுக்குகிறது. கடைக்காரர்கள் செயின் வீல் என்று வழங்கும் முன்பற்சக்கரத்தின் பற்கள் தேய்ந்து கொக்கிபோல் சாய்ந்துவிட்டன. புதிய வண்டி வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். அது அவரிடம் இல்லை. கைக்கெட்டும் விலையில் ஒரு பற்சக்கரம் கிடைத்தால் போதும். அவர் எவ்வாறு தேடவேண்டும்?

முதற்கடமை தேவையை அளந்தறிதல். சங்கிலியின் ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் இடையே அரை அங்குலம் இருக்கும். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் நீளும். அடிக்கோலால் அளக்கும்போது 1/16 அங்குலம் மிகுந்திருந்தால், பெரும்பாலும் சங்கிலியை மட்டும் மாற்றினால் போதும். 1/8 அங்குலம் மிகுந்துவிட்டால் அது பற்களையும் அரித்திருக்கும். பற்சக்கரம் திருகாணிகளால் பூட்டப்பட்ட தட்டையான ஒற்றைச் சக்கரமாயின், அதைக் கழற்றித் திருப்பிப் பூட்டலாம். தேயாத மறுபக்கம் மேலும் சில காலம் உழைக்கும். பழைய முறை வண்டிகளில் அது வலப்புறக் கிராங்கோடு இணைந்தே வரும்; அங்கு இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். பற்களின் எண்ணிக்கை முன்போலவே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. முன்னே 48 பற்களும் பின்னே 18 பற்களும் இருந்தால், ஒருமுறை மிதிக்கப் பின்சக்கரம் ஏறத்தாழ 2.67 முறை சுழலும். முன்னே 44 பற்கள் என்றால் ஏறத்தாழ 2.44 முறை, வேகம் சற்றுக் குறையும், மிதிப்பது எளிதாகும்.

இவ்வாறு முழு வண்டியை நாடாமல் ஓர் உறுப்போடு தேவையை நிறுத்திக்கொள்வது, பொருள்வரைதல் என்னும் அணுவிரதத்தின் பாற்படும். அதில் கொல்லாமையும் அடங்கியுள்ளது. இரும்பு எடுக்க நிலத்தை அகழவேண்டும். உருக்கத் தீ வளர்க்கவேண்டும். நிலத்தையும் தீயையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்று கொள்ளும் நமக்கு, வேண்டாத புதிய இரும்பு ஒவ்வொன்றும் வேண்டாத இம்சையே.

இதுவரை சிக்கனமும் அறமும் ஒரே வழியில் நடக்கின்றன. கடைக்குள் நுழைந்தபின்தான் வழி பிரிகிறது. அங்கே மூன்று பொருள்கள் அவர்முன் வைக்கப்படலாம். ஒன்று, அதிகம் அறியப்படாத பெயருடைய புதுச்சக்கரம். பஞ்சாபில் உள்ள லூதியானா நகரப் பட்டறைகள் இத்தகைய உறுப்புகளைப் பெருந்தொகையாகச் செய்கின்றன. அதனால் விலை குறைகிறது. இம்மலிவில் குற்றமில்லை. மற்றொன்று, புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரைப் பொய்யாகத் தாங்கிய போலி. மூன்றாவது, எங்கிருந்தோ வந்த பழைய சக்கரம், எல்லாவற்றினும் மலிவு.

உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் கள்ளாமை நோன்பின் மீறல்கள் ஐந்தினைக் கூறுகிறார். களவுக்குத் துணைபோதல், களவுப்பொருளை ஏற்றல், அரசின் நெறியை மீறிய வாணிகம், கள்ள அளவை, போலிப் பொருளைப் புழங்குதல் என்பன அவை. நம் மிதிவண்டிக்காரர் நிற்கும் சிறிய கடையில் இவற்றுள் இரண்டு அவர் எதிரே நிற்கின்றன.

பழைய பொருள் அனைத்தும் களவுப்பொருள் அன்று. உடைந்த வண்டியிலிருந்து நேர்மையாகக் கழற்றிய சக்கரம் புதியதினும் சிறந்ததே. அதற்காக மீண்டும் நிலத்தை அகழ வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். மிதிவண்டியின் சட்டத்தில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். பற்சக்கரத்தில் அத்தகைய எண் இல்லை. திருடிய வண்டியை முழுதாக விற்பதினும் பிரித்து விற்பது எளிது. அதைப் பறிகொடுத்தது, நெடுந்தொலைவு நடந்து பள்ளி செல்லும் ஒரு மாணவியாகவும் இருக்கலாம். வாங்குவோர் உள்ளவரை பிரிப்போரும் இருப்பர்.

"ஏழைக்கு இவ்வளவு ஆராய்ச்சி ஆகுமா?" என்று கேட்கலாம். நியாயமான வினாவே. பசித்தவனிடம் நீதிமன்றச் சான்று கேட்பது அறமாகாது. ஆனால் நம் நூல்கள் கேட்பது சான்று அன்று, விழிப்பு. இம்சைக்கும் களவுக்கும் வேராக அவை காட்டுவது பிரமாதம் என்னும் சோர்வை. "இது எங்கிருந்து வந்தது? இதன் பெயர் உண்மையா?" என்ற இரண்டு கேள்விகளுக்குப் பணம் வேண்டுவதில்லை. நேரான விடை கிடைத்தபின் வாங்கியது பின்னர்க் களவென்று தெரியவந்தாலும், அவர் மனம் களவில் படியவில்லை. மாறாக, விடை தெரிந்துவிடுமோ என்று அஞ்சிக் கேளாமல் வாங்கினால், பொருள் நேர்மையானதாகவே இருந்தாலும் மனம் களவைத் தொட்டுவிட்டது. வறுமை கேட்பதைத் தடுப்பதில்லை. கேளாமைக்கு வேறு காரணம் உண்டு. அதன் பெயர் உலோபம்.

சக்கரத்தின் விலையோடு கணக்கு முடிவதுமில்லை. எண்ணெய்க் கறைபடிந்த கையோடு அரைமணி நேரம் உழைத்தவரின் கூலியில் பத்து ரூபாயைப் பிடித்துக்கொண்டு, அதையும் சிக்கனம் என்று கூறுவோர் உண்டு. பிறர் உழைப்பைக் குறைத்து மதித்து மிச்சம் பிடித்தது நம் பொருளாகாது.

தேவையைக் குறைப்பதால் வரும் மலிவு நோன்பு. கேள்வியைக் குறைப்பதால் வரும் மலிவு குற்றம். இரண்டும் கடைச்சீட்டில் ஒரே தொகையாகத் தோன்றலாம். வினைக்கணக்கில் அவை ஒன்றல்ல. நம் இளைஞர்கள் விலை கேட்கும்போதே வந்த வழியையும் கேட்கப் பழகுவார்களாக.

அறம் வளர்க!