படிச்சா வேல கெடைக்குமா?

நம்பிக்கையோடு இருக்கச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வேலையில் இருக்கிறவர்கள். கசப்பில் சொல்லவில்லை, பல வருஷம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சொல்வார். பேங்க்கில் இருக்கிற சொந்தக்கார அண்ணன் சொல்வார். பயிற்சி மையத்தில் பேசவருகிற அதிகாரி மைக்கைப் பிடித்தாலே அதைத்தான் சொல்வார்: "மனசத் தளர விடாதம்மா, நம்பிக்கையோட இரு." சொல்கிறவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அந்த வார்த்தை ஒரு காரியம் செய்கிறது. காலியிடத்தை நிரப்புவது அரசாங்கத்தின் பொறுப்பு. நம்பிக்கையோடு இரு என்று சொன்ன மாத்திரத்தில் அது என் மனசின் பொறுப்பாகிவிடுகிறது. வேலை வரவில்லையென்றால் நான் சரியாக நம்பவில்லை என்று அர்த்தம்.

எனக்கு எறையூர். பெரம்பலூர் பக்கம் சர்க்கரை ஆலை இருக்கிற எறையூர் என்றால் தெரியும். எங்கள் காலனியில் 'வேலை' என்ற சொல்லை எல்லாவற்றுக்கும் சொல்ல மாட்டார்கள். கரும்பு வெட்டப் போவது கூலிக்குப் போறது. தனியார் பள்ளியில் பாடம் நடத்துவது பிரைவேட்ல இருக்குறது. வேலை என்றால் கவர்மெண்டு வேலை. பத்து வருஷத்துக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவளைப் பற்றி இன்றைக்கும் என் அம்மாவிடம் "ஒம் பொண்ணுக்கு இன்னும் வேல கெடைக்கலையா?" என்று கேட்கிறார்கள். முதலில் கோபம் வந்தது. இப்போது அவர்கள் கணக்குத்தான் சரி என்று படுகிறது. ஒரு பள்ளியில் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, எறையூர்ல எந்தத் தெரு. இன்னொன்றில் கையெழுத்துப் போட்ட தொகை வேறு, கவரில் இருந்த தொகை வேறு. ஒரு மனுஷன் முகம் சுளித்தால் போய்விடக்கூடியதை நம்ம சனங்க வேலை என்று எண்ணுவதில்லை. அரசு வேலை மேல் தலித்துகளுக்கு இருக்கிற ஆசையைச் சோம்பேறித்தனம் என்று எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

என் மாமா இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்துத் திருச்சியில் பதிந்தவர். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானதும் பதிவு இங்கே வந்தது. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ரினிவல். அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருப்பார். நாற்பது வயசுக்குப் பக்கத்தில்தான் ஆர்டர் வந்தது. அது நல்ல ஏற்பாடு என்று சொல்ல வரவில்லை, பாதி ஆயுசை அது தின்றது. ஆனாலும் அந்த வரிசையில் ஒரு நியாயம் இருந்தது. அவருக்கு முன்னால் நின்றவர் உள்ளே போனால் இவர் ஒரு அடி முன்னால் வருவார். ப்ளஸ் டூவில் எத்தனை மார்க் என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய நம்பிக்கைக்கு ஒரு தேதியும் நம்பரும் இருந்தது.

எங்கள் காலத்தில் வரிசையே இடம் மாறிக்கொண்டிருந்தது. கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் வந்தது. அதையொட்டி 2010 ஆகஸ்ட்டில் தகுதித் தேர்வை வைத்தார்கள். தமிழ்நாட்டில் முதல் 'டெட்' 2012 ஜூலை 12. ஆறு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் எழுதியதில் தேறியவர்கள் 2,448. ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்வி. அக்டோபரில் மறுதேர்வு வைத்து நேரத்தை மூன்று மணியாக்கினார்கள், தேறியவர்கள் சுமார் 19,000 பேர். மூணு மாசத்தில் எல்லாருக்கும் அறிவு வளர்ந்துவிட்டதா என்ன? தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பிற்படுத்தப்பட்டவர்களுக்கும் மார்க்கில் சலுகை தரலாம் என்று தேசிய விதியிலேயே இருந்தும் இங்கே எல்லாருக்கும் 90 என்றே வைத்தார்கள்.

2013 தேர்வில் நான் 86. தவறினவள் பட்டியலில் இருந்தேன். 2014 பிப்ரவரியில் ஐந்து சதவீதத் தளர்வு வந்து 82 போதும் என்றானது, ஒரே ராத்திரியில் தேறினவள் ஆனேன். அதே மே மாசம் வெயிட்டேஜ் வந்தது: டெட்டுக்கு 60, ப்ளஸ் டூவுக்கு 10, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15. மார்க்கை அள்ளிப் போடாத காலத்தில் படித்தவர்களும், வெட்டு சீசனில் பாதி நாள் பள்ளிக்கூடம் போகாதவர்களும் அதில் கீழே போனார்கள். செப்டம்பரில் மதுரைக் கிளை அந்தத் தளர்வை ரத்து செய்தது. 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. 2018 ஜூலையில் அரசாணை 149 வந்தது: டெட் வெறும் தகுதிதான், வேலைக்குத் தனியாக இன்னொரு பரீட்சை. பட்டதாரி ஆசிரியர்களுக்கு அந்தப் பரீட்சை நடந்தது 2024 பிப்ரவரி 4-ல், 2,222 இடம் என்று அறிவித்து. எங்களுக்கு வயசு வரம்பை 58 ஆக்கியிருந்தார்கள். ஓய்வு 60-ல். அந்தக் கருணையை நினைத்து நானும் தோழிகளும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எழுதினேன். பட்டியலில் என் பெயர் இல்லை.

இதற்குப் பிறகும் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லத் தமிழே கொஞ்சம் இடைஞ்சல் செய்கிறது. நாளைக்கு நல்லது வரும் என்பதும் நம்பிக்கை, ஒருத்தரை நம்பி ஒப்படைப்பதும் நம்பிக்கை. ஒரே சொல். நம்பிக்கையோடு இரு என்கிறவர்கள் முதலாவதைச் சொல்லிக்கொண்டே இரண்டாவதைக் கேட்கிறார்கள். அரசை நம்பு, விதியை நம்பு, உன் முறை வரும். நான் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறேன். இடம் இருக்கிறது, எனக்குத் தகுதி இருக்கிறது, ஆகவே வரும் என்று எதிர்பார்க்கிறேன். ஆனால் யாரையும் நம்பி ஒப்படைக்கவில்லை. நம்புகிறவள் சும்மா இருந்துவிடுவாள், எதிர்பார்க்கிறவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அம்பேத்கர் வாத்தியார் வேலைக்கு வந்த கதையை விடாமுயற்சிக்கு உதாரணமாகத்தான் மேடையில் சொல்கிறார்கள். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர் 1917-ல் பரோடாவில் தங்க இடமில்லாமல் பம்பாய் திரும்பினார். டியூஷன் எடுத்தார். பங்குச் சந்தை ஆலோசனைத் தொழில் வைத்தார், சாதி தெரிந்ததும் ஆட்கள் வருவது நின்றது. 1918 நவம்பரில்தான் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை, சம்பளம் 450 ரூபாய், அதுவும் தற்காலிகம். அங்கேயும் பொதுப் பானையில் அவர் தண்ணீர் எடுப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபித்தார்கள். நான் நினைத்துப் பார்ப்பது அடுத்த ஜனவரியை. வேலைக்கு வந்து மூணு மாசம் முழுசாக ஆகுமுன், 1919 ஜனவரி 27-ல் சவுத்பரோ கமிட்டி முன் போய், தீண்டப்படாதவர்களுக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று சாட்சியம் சொன்னார். வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் பேசலாம் என்று அவர் இருக்கவில்லை.

இது வரைக்கும் என் விஷயம். இதைவிடக் கஷ்டமான கேள்வி ஒன்று சாயந்திரங்களில் வருகிறது. காலனி சமுதாயக்கூடத்தில் இருபது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். எட்டாவது படிக்கிற ஒரு பையன் கேட்டான்: "நீங்க இவ்ளோ படிச்சும் இங்கதானக்கா இருக்கீங்க. படிச்சா வேல கெடைக்குமா?"

கிடைக்கும் என்றால் பொய். கிடைக்காது என்றால் நாளைக்கே கத்தியைத் தூக்கிக்கொண்டு கரும்புக் காட்டுக்குப் போய்விடுவான். கூட வேலை பார்த்த தமிழாசிரியர் ஒருவர், நன்மை தரும் பொய்யை வள்ளுவரே ஒப்புகிறார், தாராளமாகச் சொல்லு என்றார். ஆனால் குற்றமில்லாத நன்மையைத் தந்தால்தான் என்று வள்ளுவர் நிபந்தனை போட்டிருக்கிறார். இந்தப் பொய்யில் குற்றம் இருக்கிறது. படித்தால் கிடைக்கும் என்று நம்பி வளர்கிற பிள்ளைக்குக் கிடைக்காமல் போனால், தப்பு தன்னுடையது என்றுதான் நினைக்கும். தலித் வீட்டில் முதல் பட்டதாரிகள் எத்தனை பேர் இந்த நினைப்பிலேயே முடங்கிப் போனார்கள் என்று நம்ம தெருக்களில் எண்ணிப் பார்க்கலாம்.

அதனால் அவனிடம், "கெடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. கெடைக்கலன்னா ஏன் கெடைக்கலன்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சா கேக்கலாம்" என்றேன். அவனுடைய அம்மா மறுநாள் வந்து சத்தம் போட்டார். "புள்ளைங்ககிட்ட இதெல்லாம் எதுக்கும்மா சொல்ற? நாங்க என்னத்தச் சொல்லி அனுப்புறது?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. விடியக்காலையில் சோகை உரிக்கப் போகிறவருக்கு, பையன் வாத்தியாராவான் என்ற ஒரு வரிதான் கையில் இருக்கிறது. அதைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை? இதற்கு இன்னும் எனக்குத் தெளிவான பதில் இல்லை. பொய் சொல்வதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். பையனை அவர் நிறுத்தவில்லை.

போன வாரம் சதவீதக் கணக்குக்கு அந்த 2,222-ஐயே கொடுத்தேன். பாடவாரியாகப் பிரித்தால் வேறு மாதிரி வரும் என்றாலும் கணக்குக்காக: 18 சதவீதம் எவ்வளவு, அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் எவ்வளவு. அவன் 399.96 என்று போட்டுவிட்டு, "அந்த பாயிண்ட் தொண்ணூத்தாறு யாருக்கா?" என்றான். இனச்சுழற்சி என்றால் என்ன, எத்தனையாவது இடம் யாருக்குப் போகும், நிரப்பாமல் விட்டால் அது எப்படிப் பின்னடைவுக் காலியிடமாகும் என்று போர்டில் எழுதிக் காட்ட ஒரு மணி நேரம் ஆனது.