மையித்தை அறுத்துப் படிக்கலாமா?

எம்.பி.பி.எஸ். வகுப்பில் பிள்ளைக்கு இடம் கிடைத்த பெற்றோர் சிலர், சந்தோஷத்தோடு ஒரு சஞ்சலத்தையும் சுமந்து வருகிறார்கள். முதலாண்டிலேயே உடற்கூறு பாடத்துக்காக மனித உடலை அறுக்க வேண்டியிருக்கிறதே, இது மார்க்கத்தில் கூடுமா என்று கேட்கிறார்கள். "கூடும்" என்று ஒரே சொல்லில் அனுப்பிவிடலாம். ஆனால் கேள்வியின் கனம் அதில் இறங்காது.

மையித்தின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. ஆகவே அடிப்படைச் சட்டம் தடைதான். ஆயினும் இறந்த கர்ப்பிணியின் வயிற்றில் சிசு உயிரோடிருந்தால், கீறி அதை எடுக்கலாம் என்று ஃபுகஹாக்கள் அன்றே அனுமதித்தார்கள்.

மருத்துவம் பர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதுகிறார்கள். முஸ்லிம் மருத்துவர் இல்லாத ஊர்களிலும் எல்லோரும் ஃபிக்ஹையே நாடி ஓடுவதைக் கடிந்தும் கொள்கிறார்கள். (மதரஸாவில் ஓதிய நம் போன்றோருக்கு அந்தப் பக்கம் சற்று உறுத்தும்!)

1987-ல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை, கல்விக்காக அறுப்பதை நிபந்தனைகளோடு அனுமதித்தது. தேவைக்கு மேல் அறுக்கக் கூடாது. பெண் மையித்தைப் பெண்களே அறுக்க வேண்டும். அவர்கள் கிடைக்காதபோதுதான் மற்றவர். இன்னார் என்று தெரிந்தவராயின் அவரோ, அவருடைய வாரிசுகளோ சம்மதித்திருக்க வேண்டும்.

இன்னார் என்றே தெரியாதவர்? இங்கேதான் மனம் தடுமாறுகிறது. நம் நாட்டில் தாமாகவே உடலை எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. அதோடு, கேட்பாரற்ற பிரேதங்களைக் கல்லூரிகளுக்கு வழங்கவும் மாநிலங்களின் உடற்கூறுச் சட்டங்கள் இடமளிக்கின்றன. தெருவோரத்தில் மடிந்த ஏழையிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அவருடைய மௌனத்தைச் சம்மதமென்று கொள்ளலாகாது. மாணவருக்குக் கிடைத்திருப்பது அவர் தந்த அனுமதியன்று. நோயாளிகளின் தேவை தந்த அனுமதி. தேவை நிற்குமிடத்தில் அதுவும் நின்றுவிடும். மேசையைச் சுற்றி நின்று கேலி பேசுவதும், கைபேசியில் படமெடுப்பதும் அதில் அடங்கா.

கேட்பாரற்றவர் முஸ்லிமாயின் பொறுப்பு மாணவரோடு நிற்பதில்லை. குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழவைத்து அடக்குவதும் பர்ளு கிஃபாயாதான். அரசு மருத்துவமனைப் பிணவறையில் விசாரிக்க ஆளனுப்பும் ஜமாஅத்துகள் எத்தனை?

அறுத்த உறுப்புகள் யாவும் அடக்கப்பட வேண்டும் என்பதும் அச்சபையின் நிபந்தனை. பாடம் முடிந்தபின் அவை எங்கே போகின்றன என்று நம் பிள்ளைகள் துறைத் தலைவரிடம் மரியாதையாகக் கேட்கலாம்.