அரியணை ஏறிய அரக்கன்

காப்பியம் பாடியவன் கை காட்டுவது ஒருவனை. கேட்டவன் நெஞ்சு நாடுவது வேறொருவனை! உலகெங்கும் நடப்பது இது. 1667-இல் ஆங்கில நாட்டு மில்டன் 'இழந்த சொர்க்கம்' எனும் பெருங்காப்பியத்தை வெளியிட்டார். ஆண்டவனின் செயல் நீதியே என மாந்தர்க்கு மெய்ப்பிக்கப் போவதாகத் தொடக்கத்திலேயே அறிவித்துக் கொண்டார். படித்தோர் உள்ளத்தில் நிலைத்தவனோ ஆண்டவனை எதிர்த்து, வீழ்ந்து, வீழ்ந்த பின்னும் தலை தாழ்த்த மறுத்த சாத்தான்! மில்டன் தம்மையறியாமலே சாத்தானின் கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று, நூறாண்டுக்கு மேல் கழிந்தபின் பிளேக் எனும் கவிஞர் சொன்னார்.

வங்கத்தில் மைக்கேல் மதுசூதன் தத்தர் அறிந்தே கட்சி மாறினார். 1861-இல் அவர் தந்த 'மேகநாத வதம்' இந்திரசித்தின் சாவைப் பாடுகிறது. வழிபாட்டில் அமர்ந்திருக்கிறான் மகன். கையில் படைக்கலம் இல்லை. சிற்றப்பன் வீடணன் வழிகாட்ட, மறைந்து வந்து கொல்கிறான் இலக்குவன். அங்கே வீரன் எவன், கோழை எவன் என்பதைப் படிப்பவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தமிழகத்தில் புலவர் குழந்தை 1946-இல் 'இராவண காவியம்' படைத்தார். 3100 பாடல்கள், ஐந்து காண்டங்கள். அறிஞர் அண்ணாவின் அணிந்துரை. 1948-இல் காங்கிரசு ஆட்சி அதற்குத் தடை விதித்தது. தடை நீங்கியது 1971-இல், கலைஞர் ஆட்சியில். கற்பனைக் கதையின் எதிர்த்தலைவன் ஒருவனைப் போற்றிய குற்றத்திற்கு, ஒரு நூலுக்கு இருபத்து மூன்றாண்டுச் சிறை! கதைதானே, கற்பனைதானே என்று நம்மிடம் சமாதானம் பேசுவோர் இந்தக் கணக்கைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

எதிர்த்தலைவன்பால் இந்த ஈர்ப்பு ஏன்? தீமையில் மாந்தர்க்கு இயல்பாகவே ஆசை என்பர் சமயவாதிகள். நாம் அவ்வாறு கருதவில்லை. பழங்கதைகளை ஊன்றிப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். தலைவனுக்கு வரம் உண்டு, வில் உண்டு, விதியும் துணை உண்டு. ஆகவே அவன் வாதாட வேண்டியதில்லை. மறைந்து நின்று வாலி மீது அம்பு விடலாம். காரணத்தை உரையாசிரியர்கள் தேடித் தருவார்கள். எதிர்த்தலைவனோ ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லியாக வேண்டும்; எண்ண வேண்டும், தயங்க வேண்டும், இழக்க வேண்டும். சிந்திக்கும் மனிதனாக அந்தக் கதையில் அவன் ஒருவனே உலவுகிறான். சிந்திப்பவர் அவனை நாடுவதில் வியப்பென்ன?

அண்ணாவின் 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்தின் வலிமை இங்கேதான் இருக்கிறது. இராவணன் நல்லவன் என்று அண்ணா எடுத்த எடுப்பில் முழங்கவில்லை. வழக்கை மறுவிசாரணைக்குக் கொண்டு வந்தார். இரக்கமற்றவன் என்பது குற்றச்சாட்டு. கம்பர் எதிரே நிற்கிறார். கூண்டிலேறிய இலங்கை வேந்தன் கேட்கிறான்: இரக்கமின்மை குற்றமென்றால், இரக்கமின்றி நடந்தும் பூசிக்கப்படுவோர் இத்தனை பேர் இருக்கின்றனரே, அவர்களுக்கு எங்கே கூண்டு? அளவுகோல் ஒன்றாக இருக்கட்டும் என்பதே அவன் கேட்டது. மாலையை அவன் கேட்கவில்லை.

நம் தோழர்கள் சிலர் இன்று மாலையோடு நிற்கின்றனர்! இராமனை இறக்கிய அரியணையில் இராவணனை ஏற்றி, அவன் குற்றமே அறியாத கோமகன் என்கின்றனர். "சீதையை அவன் தீண்டினானா? விரல் நுனியேனும் பட்டதா?" என்று மேடையில் முழங்கக் கையொலி வானைப் பிளக்கிறது. நம் அணியிலேயே எழுகின்ற ஒலியாதலால், இதைப் பற்றி நாம்தான் பேசியாக வேண்டும்.

முதற்கண் சான்று. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துத் தூக்கினான், சீதையின் உடலைத் தொடவில்லை என்பது கம்பர் காட்டும் காட்சி. வால்மீகியோ, ஒரு கையால் கூந்தலையும் மறு கையால் தொடையையும் பற்றித் தூக்கினான் என்றே எழுதியிருக்கிறார். கம்பரசத்தைப் பிழிந்து காட்டிய இயக்கத்தின் பிள்ளைகள், இந்த ஒரு செய்திக்கு மட்டும் கம்பரையே சாட்சிக்கு அழைப்பது வேடிக்கை! இலங்கையிலும் அவன் எல்லை மீறாதிருந்தது பண்பினால் அன்று; விரும்பாத பெண்ணைத் தொட்டால் தலை சிதறும் என்ற சாபத்தை எண்ணி என்று, வால்மீகியில் அவனே சொல்கிறான். பன்னிரு திங்கள் தவணை கொடுத்து, இணங்காவிடில் சமையற்காரர்கள் உன்னைக் காலை உணவுக்கு வெட்டுவர் என்று மிரட்டியவனும் அவனே.

சான்று கிடக்கட்டும். கம்பர் சொன்னதே மெய்யென்று கொள்வோம், அவன் தொடவேயில்லை. அதனால் என்ன? விரும்பாத ஒருத்தியை வஞ்சித்துத் தூக்கி வந்து, காவலிட்டு, நாள் குறித்து மிரட்டுவது குற்றம் ஆகாதா? அவளுடைய உரிமை பறிபோயிற்று, விருப்பம் மிதிபட்டது. அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு 'உடல் தீண்டப்பட்டதா' என்று மட்டும் கேட்கிறோமே, அந்தக் கேள்வி யாருடையது? போர் முடிந்ததும் இராமன் கேட்ட கேள்வியல்லவா அது! தீயை மூட்டச் செய்த கேள்வியல்லவா! இராவணனைப் புகழ நாம் எடுக்கும் கோலும், சீதையை நெருப்பில் இறக்கிய கோலும் ஒரே மரத்தில் வெட்டியவை. 'பெண் ஏன் அடிமையானாள்?' என்று கேட்ட பெரியாரின் மாணவர் கையில் அந்தக் கோல் இருக்கலாகாது.

இன்னொரு தோழர் கூட்டம் உண்டு. அவன் செய்தது சரியா தவறா என்ற ஆராய்ச்சியே எதற்கு, அவன் நம்மவன், அது போதும் என்பது அவர்கள் வாதம். அவன் வடவர் காப்பியம் பழித்த தென்னவன் என்ற உணர்ச்சிக்கு வரலாற்றில் காரணம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. தில்லி இராமலீலாவில் ஆண்டுதோறும் கொளுத்தப்படும் உருவத்தில் தம் இனத்தின் முகத்தைக் கண்டு கொதித்த நெஞ்சங்கள்தாம், 1974-இல் பெரியார் திடலில் மணியம்மையார் தலைமையில் இராவண லீலா நடத்தின. ஆனால் 'நம்மவன்' என்ற சொல் எவர் வாயிலும் புகும். கடலுக்கு அப்பால் பாருங்கள்: சிங்கள பௌத்தப் பேரினவாத அமைப்பொன்று 'இராவண பலய' என்று பெயர் சூட்டிக் கொண்டது. 2019-இல் விண்ணில் விடப்பட்ட இலங்கையின் சிறு துணைக்கோளுக்குப் பெயர் 'ராவணா-1'. அங்கும் அவன் 'நம்மவன்'தான்! ஈழத் தமிழரின் குருதி காயாத மண்ணில், அதே பத்துத் தலையானுக்கு வேறொரு கூட்டம் பட்டம் கட்டுகிறது. பிறப்பைக் கொண்டு போற்றுகிற வேலையை எவரும் செய்யலாம். அதற்குப் பகுத்தறிவு தேவையில்லை.

பிறப்பு என்றோம். எதிர்த்தலைவனைவிட அவனுக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்தை நாம் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே இதைத் தொட்டோம். பேரரக்கனுக்கேனும் பெயர் உண்டு, பேச்சு உண்டு, விரும்பிகள் உண்டு. பெயரில்லாமல் சாகும் ஆயிரமாயிரம் அரக்கர்களுக்கு என்ன உண்டு?

நம் இளைஞர் பலர் இன்று விரும்பிப் படிப்பதும், திரையில் பார்ப்பதும் ஆங்கிலேயர் டோல்கீன் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எனும் மாயக் காப்பியம். அதில் சௌரான் என்னும் இருளரசனுக்கு 'ஓர்க்' எனும் படையினர். அவர்கள் பிறப்பாலேயே கொடியோர். ஆகவே கொல்வதற்கு விசாரணை வேண்டாம்! கோட்டைப் போர் ஒன்றில் தலைவனின் தோழர் இருவர், எத்தனை பேரை வீழ்த்தினோம் என்று போட்டியிட்டு எண்ணுகின்றனர். ஒருவன் கணக்கு 41. மற்றவன் கணக்கு 42. படிப்பவர் சிரிக்கிறார், நாமும் சிரித்திருப்போம்.

அதே நூலில் வேறோர் இடம் உண்டு. ஷக்ராட், கோர்பாக் என்று இரண்டு ஓர்க்குகள் பேசிக் கொள்கின்றன. போர் முடிந்ததும் நம்பிக்கையான சிலரை மட்டும் அழைத்துக்கொண்டு, மேலதிகாரி எவனும் இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விட வேண்டும் என்பது அவர்களின் கனவு. அடிமைப்பட்ட கூலிக்காரனின் கனவு அல்லவா இது! கொஞ்ச நேரத்தில் ஓர் உடைக்காக இரண்டும் பகைத்து, அவற்றின் கூட்டங்கள் வெட்டிக்கொண்டு மடிகின்றன. பிறிதோரிடத்தில், தென்னாட்டுப் படைவீரன் ஒருவன் செத்துக் கிடக்கக் கண்ட எளிய தோட்டக்காரன் சாம், இவன் உண்மையிலேயே கெட்டவன்தானா, எந்தப் பொய்யை நம்பி இவ்வளவு தொலைவு வந்தான் என்று நெஞ்சுக்குள் கேட்டுக்கொள்கிறான்.

டோல்கீன் கிறித்தவர். எந்த உயிரும் பிறவியிலேயே தீயதாக முடியாது என்பது அவர் நம்பிக்கை. ஓர்க்குகள் எங்கிருந்து வந்தன என்ற வினாவுக்குப் பல விடைகளை எழுதிப் பார்த்தார்; 1973-இல் இறக்கும் வரையில் எதுவும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. 1977-இல் அவர் மகன் வெளியிட்ட நூலில் ஒரு விடை காணப்படுகிறது: சிறைப்பட்டு வதைக்கப்பட்ட நல்லினத்தாரே அவ்வாறு உருக்குலைந்தனர் என்று. வதைபட்டவர்களைத்தான் 41, 42 என்று எண்ணினார்களா!

உருசிய நாட்டு அறிவியலாளர் கிரில் யெஸ்கோவ் 1999-இல் இந்தக் கதையைத் தலைகீழாக்கி எழுதினார். அதில் இருள்நாடு அறிவும் தொழிலும் வளரும் நாடு. 'ஒளி'யின் படை அதை அழிக்க வந்த பழைமைப் படை. நமக்குத் தேனாக இனிக்கும் கதைதான்! ஆயினும், இந்த இனம் நல்லது, அந்த இனம் தீயது என்ற பலகையைத் திருப்பி மாட்டினால் மட்டும் போதுமா என்ற ஐயம் நமக்கு எழாமல் இல்லை. பலகை எதற்கு என்பதல்லவா கேள்வி?

ஒருவன் செய்ததைக் கொண்டு அவனை எடை போடாமல், பிறந்ததைக் கொண்டு போடுவது நமக்குத் தெரியாத சங்கதியா? மனு தருமம் சட்டமாகச் சொன்னதை, அரக்கர் கதை சுவையாகச் சொல்கிறது. தாடகையைப் பாருங்கள். இயக்கர் குலத்தில் பிறந்தவள். கணவனை அகத்தியர் கொன்றார், எதிர்த்தாள், அரக்கியாகும்படி சாபம் பெற்றாள். பெண்ணைக் கொல்வதா என்று இராமனே தயங்குகிறான். தயங்காதே என்று முனிவர் ஆணையிடுகிறார். கணவனைப் பறிகொடுத்தவளின் வாக்குமூலம் எந்தக் காண்டத்திலும் இல்லை.

உத்தரகாண்டத்துச் சம்பூகன் அரக்கனும் அல்லன். தவம் செய்த சூத்திரன். வாள் வீசுமுன் இராமன் கேட்டது, நீ எந்த வருணம் என்ற ஒன்றையே! கன்னடக் கவிஞர் குவெம்பு 1944-இல் 'சூத்திர தபசுவி' என்று ஒரு நாடகம் எழுதினார். அதில் இராமன் விட்ட கணை சம்பூகனைக் கொல்லாமல், குற்றம் சாட்டிய பார்ப்பனரையே துரத்துகிறது. பெரியாரின் இராமாயண ஆராய்ச்சியை இந்தியில் வெளியிட்ட லலாய் சிங் என்பாரின் நூலை 1969-இல் உத்தரப் பிரதேச அரசு பறிமுதல் செய்தது. அலகாபாத் உயர்நீதிமன்றம் 1971-இல் அந்த ஆணையை நீக்கியது. 1976-இல் உச்சநீதிமன்றமும் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. சம்பூகனுக்குக் கிடைக்காத விசாரணை நூலுக்கேனும் கிடைத்தது.

விசாரணையே காணாத ஒருத்தி இன்னும் நிற்கிறாள். சூர்ப்பணகை! இலக்குவன் அவள் மூக்கையும் காதையும் அறுத்தான். கம்பரில் கொடுமை மார்பு வரை நீள்கிறது. இதை நாம் ஆயிரம் மேடைகளில் சொல்லியிருக்கிறோம். நாம் சொல்லாத செய்தி உத்தரகாண்டத்தில் இருக்கிறது. அவளுக்குக் கணவன் ஒருவன் இருந்தான். வித்யுச்சிவன் என்று பெயர். காலகேயரோடு நடந்த போரில் அவனை வெட்டியவன் அவளுடைய அண்ணன் இராவணன்! தங்கை வந்து காலடியில் விழுந்து அழ, போர் வெறியில் தெரியாமல் வெட்டிவிட்டேன் என்று ஆறுதல் சொல்லித் தண்டகாரணியத்துக்கு அனுப்பி வைத்தான். அங்கேதான் அவள் இராமனைக் கண்டாள், அங்கேதான் அறுபட்டாள். ஒருவன் அவள் வாழ்வை அறுத்தான். ஒருவன் அவள் முகத்தை அறுத்தான். இருவரில் எவனுக்கு மாலை சூட்டுவது என்று நாம் வழக்காடிக் கொண்டிருக்கிறோம்.

நாடகம் எழுதும் இளந்தோழர்கள் நம்மிடையே பலர். மேடைக்கு இரண்டு கூண்டுகள் போதும்: ஒன்றில் இலங்கை வேந்தன், மற்றொன்றில் அயோத்தி இளவல். வழக்குத் தொடுப்பவள் அவள். முதல் கேள்வியை அவளே கேட்கட்டும்.