ஊழும் சர்க்கரையும்

புதுச்சேரியின் பாகூரிலோ வில்லியனூரிலோ யாருக்காவது திடீரெனக் கை கால் விழுந்துவிட்டால், திண்ணைப் பேச்சு ‘தலையெழுத்து’ என்றுதான் தொடங்குகிறது. பக்கவாதம் விதியின் வேலைதானா?

வள்ளுவர் விதியைப் பேசும் ஊழுக்குத் திருக்குறளில் 38ஆவது அதிகாரத்தைத் தந்தார். முயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமைக்கு 62ஆவதைத் தந்தார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பக்கவாதத்துக்கு வழிவிடும் சர்க்கரை நோயையே பாருங்கள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி, புதுச்சேரியில் 26.3 சதவீதம் பெரியவர்களுக்கு நீரிழிவு. கோவாவுக்கு அடுத்து நாட்டிலேயே இதுதான் அதிகம். ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாத சர்க்கரை ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுத்து, கொழுப்பு படிய வைக்கிறது. பக்கவாத ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. பக்கவாதம் வந்த நேரத்தில் சர்க்கரை எகிறியிருந்தால் தேறுவதும் கடினம். ஆனால் அதை இன்சுலினால் மிகத் தீவிரமாக இறக்குவதால் கூடுதல் பலன் இல்லை என்று 2019இல் வெளியான அமெரிக்காவின் ‘ஷைன்’ ஆய்வு காட்டியது. அவசர நேரத்து வேகத்தைவிட அன்றாடக் கட்டுப்பாடே காக்கும்.

பரம்பரையை ஊழ் என்றே வைத்துக்கொள்வோம். மாத்திரை, நடை, தட்டில் விழும் சோற்றின் அளவு ஆகியவை ஆள்வினை. வில்லியனூர் கோயிலின் திருக்காமீஸ்வரருக்கு நேர்ந்துகொள்ளுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். வாய் கோணினால், கை துவண்டால், பேச்சு குழறினால் விபூதி பூசிக் காத்திருக்க வேண்டாம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே கெடு. உடனே ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.