முக்திநாத் யாத்திரையும் மஞ்சள் துணிக் காசும்

பூலோகத்தில் தரிசிக்கக்கூடிய 106 திவ்ய தேசங்களில், பாரதத்தின் எல்லைக்கு வெளியே இருப்பது சாளக்கிராமம் ஒன்றுதான். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்தருளிய தலம். நேபாளத்தில் முக்திநாத் என்கிறார்கள். சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், கோயிலைச் சுற்றிலும் 108 கோமுகத் தாரைகள். அந்த உறையும் நீரில் நனைந்து ஸ்ரீமூர்த்திப் பெருமாளை ஒருமுறையாவது சேவிக்க வேண்டும் என்று, வீட்டுச் செலவில் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்து வைத்திருப்பீர்கள்.

2025 செப்டம்பரில் காத்மாண்டு கலவரத்தில் பிரதமரே பதவி விலகினார். விமான நிலையத்தை மூடினார்கள். யாத்திரை போனவர்கள் வழியில் தவித்தார்கள். அதையெல்லாம் டி.வி.யில் பார்த்த பிள்ளைகள், 'இப்போது போகத்தான் வேண்டுமா அம்மா?' என்று கேட்டால் கோபப்படாதீர்கள், நியாயமான கேள்விதான்.

'பெருமாள் பார்த்துக்கொள்வார்' என்று வெறுங்கையோடு கிளம்புவது பக்தி ஆகாது. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். காத்மாண்டு இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சுருக்குப் பையில் வையுங்கள். (செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோகும் நேரம் நமக்கா தெரியும்!) திரும்பும் டிக்கெட்டில் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். பொக்ராவிலிருந்து ஜோம்சோம் போகும் சிறிய விமானங்கள், காற்று பலமாகிவிடும் என்பதால் காலையில்தான் பறக்கும். ஊர் அமைதியாக இருக்கும்போதே அங்கே ஒரு நாள் காத்திருக்க நேரலாம்.

இத்தனையும் செய்து, பாதி வழியில் திரும்ப நேர்ந்தால்? 'மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டேனே, தெய்வக் குற்றமாகிவிடுமோ?' இந்தப் பயம்தான் பெண்களை அதிகம் வாட்டுகிறது. ஆகவே ஆகாது. 'யதாசக்தி', நம்மால் இயன்ற அளவு என்றுதானே பூஜைகளில் சங்கல்பமே செய்கிறோம்? ஆண்டாள் கோகுலத்துக்குப் பயணம் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகவும், வடபத்ரசாயி கோயிலையே நந்தகோபன் மாளிகையாகவும் பாவித்து நோன்பு நோற்றாள். கண்ணன் அவளிடம், 'நீ ஏன் இங்கே வரவில்லை?' என்றா கேட்டான்?

உங்கள் ஊர்ப் பெருமாள் சாளக்கிராம மாலை அணிந்து சேவை சாதிக்கிறாரா என்று பட்டரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கற்கள் முக்திநாத் பக்கத்துக் கண்டகி நதியில் விளைந்தவை. பயணம் தடைப்பட்ட நாளில் அந்தச் சந்நிதியில் துளசி சமர்ப்பித்து, 'வழி திறந்ததும் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். முடிந்த காசை அவிழ்க்க வேண்டாம். பூஜை அறையிலேயே இருக்கட்டும்; போகும்போது எடுத்துச் சென்று அங்கே உண்டியலில் சேர்த்துவிடலாம்.